அடிக்கிற டான்ஸ் கிளாஸ், அடிக்காத டான்ஸ் கிளாஸ்: பிள்ளையை எங்கே சேர்ப்பது?

விஜயதசமி நெருங்கினால் ஈரோடு, திருப்பூர், கோபி என்று எங்கே போனாலும் பெண் பிள்ளை இருக்கிற வீடுகளில் ஒரே பேச்சுதான். பாப்பாவை எந்த டான்ஸ் கிளாஸில் விடுவது? வெற்றிலை பாக்கு, பழம், தட்சிணை எல்லாம் தட்டில் தயாராக இருக்கும். அந்தத் தட்டை யார் கையில் கொடுப்பது என்பதில்தான் வீட்டுக்குள் இரண்டு கட்சி. "நல்லா அதட்டி, ரெண்டு போட்டுச் சொல்லித்தர்ற டீச்சராப் பாருங்க, அப்பத்தான் உடம்பு வளையும்" என்பது பெரியவர்கள் கட்சி. "பக்கத்து அப்பார்ட்மெண்ட்ல ஒரு பொண்ணு சொல்லிக் குடுக்குதுங்க, சத்தமே போடாதாம்" என்பது அம்மாக்கள் கட்சி. திருப்பூரில் இருக்கும் என் தம்பி மகளுக்கு எட்டு வயது. இந்த வருடம் அவளுக்காக எங்கள் வீட்டிலும் இதே பஞ்சாயத்து நடந்தது. அத்தை என்கிற முறையில் வகுப்பு வகுப்பாகப் போய்ப் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது.

நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிக்கிற வகுப்பு வேண்டாம். ஆனால் அடிப்பதில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒரு வகுப்பை நல்ல வகுப்பு என்று சொல்லிவிட முடியாது. சத்தமே போடாத வகுப்புகள் பலவற்றில், டீச்சர் பிள்ளையைக் கவனிப்பதே இல்லை. கவனித்தால்தானே சத்தம் போடுவதா வேண்டாமா என்ற கேள்வி வரும்.

முதலில் பழைய முறை. நாட்டியம் சொல்லித்தருகிற நட்டுவனார் தரையில் உட்கார்ந்து, தட்டுமனை என்கிற மரக்கட்டையில் தட்டுக்கழியால் தாளம் தட்டி, சொல்கட்டு என்கிற தாளச் சொற்களைச் சொல்லிப் பிள்ளையை ஆடவைப்பார். கால் தவறினால் அந்தக் கழி கணுக்காலுக்குப் பறந்து வரும். முட்டியை இரண்டு பக்கமும் விரித்து மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலைதான் அரைமண்டி; அதில் பிள்ளை இறங்கவில்லை என்றால் தொடையை அழுத்துவார்கள், தோளைப் பிடித்து அமுக்குவார்கள். தளர்ந்து எழுந்தால் மறுபடி முதலிலிருந்து. பழைய ஆட்டக்காரர்கள் பலர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள்.

ஆனால் அந்த முறையில் அடி மட்டுமா இருந்தது? பரதத்தில் பெரும்பெயர் பெற்ற பாலசரஸ்வதி நான்கு வயதில், பரதக் கச்சேரி முறையை வகுத்த தஞ்சை நால்வர் வழிவந்த கந்தப்ப பிள்ளையிடம் கற்கத் தொடங்கி, 1925-ல் ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். கந்தப்ப பிள்ளை கடுமையான வாத்தியார் என்று பெயரெடுத்தவர். அதே சமயம் அவர் தினமும் அந்த ஒரு குழந்தையின் முன்னால் உட்கார்ந்தவர். வீட்டில் அம்மா ஜெயம்மாள் பாட்டுக்காரி, பாட்டி வீணை தனம்மாள். குழந்தை மூச்சு விட்டால் அதிலும் தாளம் தப்பியதா என்று கவனிக்கிற வீடு அது. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால், 1930-ல் தொடங்கிய கேரள கலாமண்டலம். அங்கே கதகளிப் பிள்ளைகளுக்கு மழைக்காலத்தில் விடியுமுன் பயிற்சி தொடங்கும். எண்ணெய் தேய்த்துப் படுக்கவைத்து, ஆசான் பாதத்தால் மிதித்து உடம்பை உழிவார். வலிக்கும்தான். ஆனால் அதற்கென்று எண்ணெய், அதற்கேற்ற சாப்பாடு, ஓய்வு, பிள்ளையின் உடம்பை அன்றாடம் பார்க்கிற ஆசான் என்று ஒரு ஏற்பாடே சுற்றி இருந்தது.

இன்றைக்கு நம் ஊரில் பழைய முறை என்று சொல்லிக்கொள்ளும் வகுப்பில் என்ன நடக்கிறது? வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம். ஸ்கூல் வேன் இறக்கிவிட்டதும் பிஸ்கட்டோடு ஓடிவருகிற பிள்ளை. மொட்டை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே சிமெண்ட் தரை, சித்திரை மாத வெயில். ஒரு டீச்சருக்கு இருபது பிள்ளைகள். பழைய முறையிலிருந்த நேரம் போய்விட்டது, பராமரிப்பு போய்விட்டது, ஒரே பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணும் போய்விட்டது. மிச்சம் கழி ஒன்றுதான். இதைப் பாரம்பரியம் என்று சொன்னால் அந்த நட்டுவனார்களுக்கே கோபம் வரும்.

சரி, அடித்தால் அரைமண்டி வருமா? உட்காரும், ஆனால் எப்படி என்பதுதான் விஷயம். அரைமண்டியில் பாதம் இரண்டு பக்கமும் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். இடுப்பு எலும்பின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு. ஒரு பிள்ளைக்குச் சுலபமாகத் திரும்பும், இன்னொன்றுக்கு எலும்பே அவ்வளவு இடம் கொடுக்காது. பயத்தில் இருக்கிற பிள்ளை என்ன செய்யும்? பாதத்தை மட்டும் வெளியே திருப்பிக்கொண்டு நிற்கும். முட்டி உள்ளே வரும். பார்வைக்கு அரைமண்டி, சுமை முழுக்க முட்டியின் உள்பக்கத்தில். அப்படியே தட்டடவு, நாட்டடவு, குதித்துமெட்டு என்று பரதத்தின் அடிப்படை அசைவுகளான அடவுகளை டைல்ஸ் தரையில் வருடக்கணக்கில் தட்டினால் முட்டி என்ன ஆகும்?

பத்து வயதிலிருந்து பதினான்குக்குள், உடம்பு மளமளவென்று வளர்கிற சமயத்தில், முட்டிச் சிப்பிக்குக் கீழே எலும்பில் வீங்கி வலிக்கிற தொந்தரவு குதித்து ஆடுகிற பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வரும். ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று எலும்பு டாக்டர்கள் பெயர் சொல்வார்கள். குதிப்பைக் குறைத்து, ஓய்வு கொடுத்து, தொடைத் தசையைப் பழக்கினால் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். அதற்குப் பிள்ளை வாயைத் திறந்து ‘வலிக்குது டீச்சர்’ என்று சொல்ல வேண்டும். அடிக்கிற வகுப்பில் சொன்னால் கிடைக்கிற பதில், "ஆடாம இருக்கறதுக்கு நடிக்கறயா?" அடுத்த முறை பிள்ளை சொல்லாது. அடியின் தழும்பு நாலு நாளில் மறைந்துவிடும், இந்த வாய்ப்பூட்டு மறையாது. அடிக்கு எதிராக எனக்கு இருக்கும் பெரிய காரணமே இதுதான்.

வாய்ப்பூட்டு வலியோடு நிற்பதும் இல்லை. 2023-ல் சென்னையின் பெரிய நாட்டியப் பள்ளியான கலாக்ஷேத்ராவில் மாணவிகள் தெருவுக்கு வந்து போராடியதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். பாலியல் தொல்லைப் புகார், உடம்பையும் நிறத்தையும் சொல்லி இழிவுபடுத்திய புகார். ஆசிரியர் ஒருவர் கைதானார், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் விசாரணைக் குழு போட்டார்கள். குருவை எதிர்த்துப் பேசக்கூடாது என்று பல வருடம் பழக்கப்பட்ட பிள்ளைகள் கடைசியில் பேசத்தான் செய்தார்கள், ஆனால் எவ்வளவு தாமதமாக! நம்மூர் வியாதி மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 2019-ல் வியன்னா அரசு ஓபராவின் பாலே பள்ளியில் பிள்ளைகளை அடித்ததும் உடம்பைக் கேலி செய்ததும் வெளியே வந்து, குழந்தைகளின் நலன் அங்கே காக்கப்படவில்லை என்று விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது.

வார்த்தை அடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கழி எடுப்பதை நிறைய டீச்சர்கள் இப்போது விட்டுவிட்டார்கள், நாக்கை விடவில்லை. "எருமையாட்டம் நிக்கறே", "இந்தக் கலருக்கு இந்த டிரெஸ்ஸா", "உங்கம்மா சோத்த அள்ளி வெக்கறாங்களா?" இதெல்லாம் நான் வகுப்பு வாசலில் நின்று காதால் கேட்டவை. வாசலில் நிற்கிற அம்மாவும் சேர்ந்து சிரிக்கிறாள், அதுதான் கொடுமை. எட்டு வயதில் உடம்பைப் பற்றிக் கேட்ட ஒரு வாக்கியம் பிள்ளையோடு கல்யாண மண்டபம் வரைக்கும் கூடவே வரும்.

நம் பக்கத்துக்கென்று இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு விடுதிப் பள்ளிகள் மார்க் வாங்கிக் கொடுத்த காலத்திலிருந்து, ‘கெடுபிடி இருந்தால் ரிசல்ட் வரும்’ என்பது கொங்கு நாட்டுப் பெற்றோர் மனதில் ஊறிப்போன கணக்கு. அதையே டான்ஸ் கிளாஸிலும் போடுகிறோம். கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதை உரித்துவிடுங்கள் என்று வாத்தியாரிடம் சொல்லி ஒப்படைத்த தலைமுறையின் பேரன் பேத்திகள்தானே நாம். ‘அடி வாங்கினவங்கதானே பெரிய டான்ஸர் ஆனாங்க’ என்று என் அம்மா கேட்டார். ஆனவர்களை மேடையில் பார்க்கிறோம். ஆறு மாதத்தில் சலங்கையைப் பரணில் போட்டவர்கள் எத்தனை பேர் என்று யார் எண்ணினார்கள்? எங்கள் சொந்தத்திலேயே அப்படி நான்கைந்து பரண்கள் உண்டு.

இனி மறுபக்கம். அப்பார்ட்மெண்ட் கிளாஸ், மாடி ஹால் கிளாஸ். டீச்சர் சின்னப் பொண்ணு, சிரித்த முகம், பிள்ளைகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிவிடும். பார்க்க நன்றாக இருக்கிறது. உட்கார்ந்து ஒரு வகுப்பு முழுக்கப் பாருங்கள், விஷயம் புரியும். ஸ்பீக்கரில் பாட்டு ஓடுகிறது, டீச்சர் முன்னால் நின்று கண்ணாடியைப் பார்த்து ஆடுகிறார், பின்னால் பிள்ளைகள் பார்த்துப் பார்த்து ஆடுகின்றன. கடைசி வரிசைப் பிள்ளைக்கு முட்டி உள்ளே வருவதை யாரும் பார்க்கவில்லை. அடவு பாதியிலேயே நிற்கிறது, ஏனென்றால் ஆண்டு விழாவுக்குப் பாட்டு தயார் செய்ய வேண்டும். மூன்றாம் மாதத்தில் சலங்கை, ஒன்றரை வருடத்தில் அரங்கேற்றப் பேச்சு. இங்கே கெடுவதும் அதே முட்டிதான், சிரித்துக்கொண்டே கெடுகிறது. ஓர் ஆறுதல், வலித்தால் பிள்ளை வீட்டில் வந்து சொல்லும்.

அப்படியென்றால் நல்ல வகுப்பு எப்படி இருக்கும்? நான் பார்த்ததில் ஒன்று மனதுக்குப் பிடித்தது. பெரிய பெயரெல்லாம் இல்லாத டீச்சர், வீட்டுக் கூடத்தில் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை. முதல் பத்து நிமிடம் அரைமண்டியே கிடையாது. கணுக்கால், இடுப்பு, முதுகு எல்லாம் சூடேற்றுகிறார். அப்புறம் உட்காரவைத்து ‘தெய்யா தெய்’ என்று சொல்கட்டை வாயால் சொல்லி, கையால் தட்டவைக்கிறார். வாயிலும் கையிலும் தாளம் நின்ற பிறகே காலுக்குப் போகிறது. முதல் காலம் என்கிற மெதுவான வேகத்தில் சரியாக வராத அடவை, அதைவிட வேகமான இரண்டாம் காலத்துக்கு விடுவதில்லை. இதில் அவர் மகா கறார். ஒரு பெரிய பிள்ளை வேகமாக ஆட ஆசைப்பட்டது. "வேகம் எங்கியும் போகாது சாமி, முட்டி விரலுக்கு நேரா வரட்டும்" என்று மறுபடி மறுபடி நிறுத்தினார். பிள்ளைக்கு எரிச்சல், ஆனால் பயம் இல்லை. அந்த வீட்டிலும் தட்டுக்கழி உண்டு. தாளம் தட்டுவார், எந்த முட்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று தொடாமல் சுட்டிக்காட்டுவார். கையால் திருத்த வேண்டியிருந்தால், "இடுப்பத் தொட்டுக் காட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறார். கதவு திறந்தே இருக்கிறது. மாதத்தில் ஒரு வகுப்பு பெற்றோர் உட்கார்ந்து பார்க்கலாம். தினமும் உட்காராதீர்கள் என்கிறார், அதுவும் நியாயம்தான். அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு பிள்ளை எப்படி ஆடும்?

இங்கே முன்னேற்றம் மெதுவாகத்தான் இருக்கும். இரண்டு வருடம் கழித்தும் பிள்ளை அடவிலேயே நிற்கலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளை அதற்குள் மூன்று மேடை ஏறியிருக்கும். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் ‘ஒரு பாட்டு ஆடிக் காட்டு கண்ணு’ என்றால் காட்ட ஒன்றும் இருக்காது. இதைத் தாங்கிக்கொள்கிற பெற்றோருக்குத்தான் இந்த வகை வகுப்பு சரிப்படும்.

அரசு வழியையும் நம் ஆட்கள் மறந்தேபோகிறார்கள். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 வயதிலிருந்து 16 வயது வரை பிள்ளைகள் பரதமும் பாட்டும் ஓவியமும் பெயரளவுக் கட்டணத்தில் படிக்கலாம். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு ஈரோட்டிலும் கரூரிலும் மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கிறது, கோவைக்குப் பக்கத்தில் மலுமிச்சம்பட்டியில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. இவற்றில் ஒரு வசதி: டீச்சருக்கு மேலே ஓர் அலுவலகம் உண்டு, புகார் சொல்ல இடம் உண்டு. தனி வீட்டு வகுப்பில் டீச்சரே எல்லாம். குறை என்றால், பணியிடம் காலியானால் காலியாகவே கிடக்கும். நல்ல ஆசிரியர் இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

ஆன்லைன் வகுப்பு எட்டு வயதுக்கு வேண்டாம். போன் திரையில் முட்டி தெரியாது. அவ்வளவுதான்.

இனி கும்மி. பரதம்தான் டான்ஸ் என்று நினைக்கிறவர்கள் ஒரு சாயங்காலம் ஏதாவது மாரியம்மன் கோயில் திடலில், வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடுகிற வள்ளி கும்மிப் பயிற்சியைப் போய்ப் பாருங்கள். ஆசிரியர் மைக்கில் பாடுகிறார், வட்டத்தில் பாட்டி, அம்மா, பேத்தி எல்லோரும் ஒன்றாக அடி எடுத்து வைக்கிறார்கள். ஒரு பிள்ளை தவறினால் பக்கத்தில் இருப்பவள் கையை ஆட்டி இழுத்துக்கொள்கிறாள், வட்டம் நிற்காமல் ஓடுகிறது. தப்புக்குத் தனியாகத் தண்டனை கொடுக்க அங்கே இடமே இல்லை. சில மாதத்தில் அதற்கும் அரங்கேற்றம் உண்டு, ஊரே வந்து பார்க்கும். ஒருகாலத்தில் ஆண்கள் மட்டும் ஆடிய இந்தக் கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் என்ற பெருமைக்கு உரியவர் மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்ரப்பன், 2024-ல் 87 வயதில் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டவர். பையன்களுக்கு ஒயிலாட்டமும் பெருஞ்சலங்கை ஆட்டமும் இருக்கின்றன.

அடி இல்லை என்பதால் இங்கே எல்லாமே நல்லது என்று நான் சொல்லவரவில்லை. கும்மி மேடையில் சொந்தச் சாதிக்குள்தான் கல்யாணம் செய்வோம் என்று பெண்களை உறுதிமொழி எடுக்கவைத்த காணொளி பரவிச் சர்ச்சையானது நினைவிருக்கும். உடம்பை அடிக்காமல் வேறு எதையோ கட்டிப்போடுகிற வேலை அது. எனவே குழுவைப் பார்த்துச் சேருங்கள். யாரெல்லாம் வட்டத்துக்குள் வரலாம் என்று முதல் நாளே கேளுங்கள். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஆடுகிற குழு என்றால் தாராளமாகச் சேர்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் நிறையப் பேர் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. டான்ஸ் கிளாஸ் அந்தச் சட்டத்தின் கீழ் பள்ளிக்கூடம் ஆகாது. ஆனால் 2015-ன் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவு, குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் யார் கொடுமை செய்தாலும் பொருந்தும். 3 ஆண்டு வரை சிறை உண்டு. பாலியல் தொல்லை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள். இதையெல்லாம் டீச்சரிடம் முதல் நாளே படித்துக்காட்ட வேண்டாம், நாம் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். தப்பித் தவறிக்கூட நாமே "சொன்ன பேச்சு கேக்கலீன்னா ரெண்டு போடுங்க டீச்சர்" என்று அனுமதி கொடுத்துவிட்டு வரக்கூடாது.

வகுப்பைப் பார்க்கப் போனால் டீச்சரை விட்டுவிட்டு, தப்பு செய்த பிள்ளையைப் பாருங்கள். தப்பு நடந்த அடுத்த நொடியில் அந்தப் பிள்ளையின் கண் எங்கே போகிறது? டீச்சர் கையை நோக்கிப் போனால் அந்த வகுப்பு வேண்டாம். எங்கேயும் போகாமல் பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தால், தப்பு என்று அதற்கு யாரும் சொல்லவே இல்லை, அதுவும் வேண்டாம். தன் காலை நோக்கிப் போனால் உள்ளே போய்க் கட்டணம் கேட்கலாம். வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க முடிந்தால் நல்லது.

எங்கள் வீட்டில் முடிவு இப்படி ஆனது. தம்பி மகளுக்கு இந்த ஒரு வருடம் கும்மி. தாளமும் கூச்சமில்லாத உடம்பும் வரட்டும். அப்புறமும் அவளுக்குப் பரதம் வேண்டுமென்றால், அந்தப் பத்துப் பிள்ளை டீச்சரிடம் இடம் சொல்லி வைத்திருக்கிறோம். பன்னிரண்டு பதிமூன்று வயதில், இதையே தொழிலாக எடுக்கப்போகிறேன் என்கிற பிள்ளைக்கு வேறு கணக்கு. அதற்கு நிறைய நேரமும் கடுமையான உழைப்பும் தேவை, தினமும் பார்க்கிற டீச்சர் தேவை, அதற்காக ஊர் மாறினாலும் தகும். அப்போதும் கழிக்கு வேலை தாளத்தோடு சரி. சும்மா உடம்பு அசைந்தால் போதும், ஆண்டு விழாவில் ஆடினால் போதும் என்கிறவர்களுக்கு ஸ்டிக்கர் கிளாஸ் பரவாயில்லை. சலங்கையும் குதிப்பும் மட்டும் அவசரப்பட வேண்டாம்.

ஏற்கெனவே அடிக்கிற வகுப்பில் சேர்த்துவிட்டவர்கள் வருடக் கடைசிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. குருவை விட்டு வந்தால் சாபம் என்று பயமுறுத்துவார்கள். தட்சிணை பாக்கி இல்லாமல் கொடுத்து, கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு காரணம் சொல்லிச் சண்டை போட வேண்டாம், போனிலேயே தனியாகச் சொல்லலாம். புது டீச்சரின் பாணி வேறாக இருக்கும், தட்டடவிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும், பிள்ளை முதல் சில வாரம் ஒவ்வொரு தப்புக்கும் தோளைக் குறுக்கிக்கொள்ளும். இதைப் புது டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கேட்டுவிட்டு அவர் என்ன சொல்கிறார் என்பதிலேயே அவரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.